பட்டியலில் உள்ள நூல் அடுக்கில் இல்லையெனில் எங்கே தேடுவது?

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் பொது நூலகத்தில் மீண்டும் உறுப்பினராகியிருக்கிறேன். பறவைகளைப் பற்றிய நூல் ஒன்று இரவல் போகாமல் இருப்பதாகக் கணினிப் பட்டியல் காட்டுகிறது. ஆனால், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசமப் பகுப்பில் அதற்குரிய 598ஆம் எண் அடுக்கை, நூல்களின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி மூன்று முறை துழாவியும் அது அகப்படவில்லை. (அங்கே 958 எண்ணிட்ட நடு ஆசிய வரலாறு ஒன்று நின்றிருந்தது, இலக்கங்களை யாரோ மாற்றிப் படித்திருக்க வேண்டும்.)

பெரிய அளவு நூல்களின் தனி அடுக்கு, குறிப்புதவிப் பிரிவு, திரும்பி வந்தும் இன்னும் அடுக்கப்படாத நூல்கள் கிடக்கும் தள்ளுவண்டி ஆகியவற்றுள் எதை முதலில் பார்ப்பது? முன்பதிவு செய்தால் பணியாளர்களே தேடி எடுத்து வைப்பார்களா? நூலகத்தில் பணியாற்றிய அன்பர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.