பொருளாதாரத்தில் எம்.ஏ.வும் பி.எச்.டி.யும் சேர்த்துப் படிக்க என்ன வேண்டும்?

வணக்கம். தங்கை மதுரையில் பி.ஏ. பொருளாதாரம், கடைசி வருஷம். அமெரிக்காவில் நேரே பி.எச்.டி.யில் சேரலாம், எம்.ஏ. பட்டம் பல இடங்களில் நடுவிலேயே கிடைத்துவிடும் என்பது வரை தெரியும். அதில் முதல் வருஷமே மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்வது), பிறகு படிப்பைத் தொடர ஒரு தகுதித் தேர்வு.

கவலை கணக்கில்தான். கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, முடிந்தால் ரியல் அனாலிசிஸ் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிப்பது) வரை எதிர்பார்க்கிறார்கள். இவள் மார்க் ஷீட்டில் இருப்பதோ புள்ளியியல் பேப்பர் ஒன்றுதான் (அதில் 91, அது வேறு விஷயம்). கணக்கை என்.பி.டெல்.லில் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழி வகுப்புகள்) படித்தால், அந்தச் சான்றிதழை மதிப்பார்களா? மூன்று வருஷ டிகிரி செல்லுமா, இல்லை இங்கேயே எம்.ஏ. முடித்துவிட்டுப் போவதுதான் சரியா? பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்கிறார்கள். ஆராய்ச்சியே செய்யாத பிள்ளைக்குப் பேராசிரியர்கள் என்னதான் எழுதுவார்கள்? அங்கே படிப்பவர்கள், முயன்று இடம் கிடைக்காதவர்களும்கூட, கொஞ்சம் சொல்லுங்களேன். டிசம்பரில் பல இடங்களில் கடைசித் தேதி.