குதிரை படிக்கப் போகிறாளாம்

குழு: பவானிக்கரைச் சொந்தங்கள்

கோமதி: மலர் பிளஸ் டூ முடித்ததும் குதிரை படிக்கப் போகிறாளாம். இன்ஜினியரிங் என்று பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். பெரியவர்கள் யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

பிரபு: குதிரை எந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறது சித்தி? நானும் வந்து உட்காருகிறேன்.

மலர்: அண்ணா, கிண்டல் வேண்டாம். குதிரையோடு இருக்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்றுதான் சொன்னேன். அம்மா அதை இப்படிச் சுருக்கிவிட்டார்கள்.

பெரியப்பா: குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது ரேஸ் ஒன்றுதான். வேளச்சேரியில் குடியிருந்த காலத்தில், பந்தய நாள் மாலையில் கிண்டியிலிருந்து பஸ் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சம்பளக் கவரை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். 1974இலேயே சட்டசபையில் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு இழுத்தடித்து, 1996இல் உச்ச நீதிமன்றம் அது சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்று சொல்லிவிட்டது. இப்போது 2024இல் குத்தகையை ரத்து செய்து அரசு கிண்டி நிலத்தையே எடுத்துக்கொண்டது. அந்தத் தொழிலை நம்பியா பிள்ளையை விடுவது?

மலர்: பெரியப்பா, நான் ரேஸ் பக்கமே போகவில்லை!

பிரபு: பெங்களூரில் நான் கொஞ்ச நாள் சவாரி கற்றேன். ஏறி உட்கார்ந்தவுடன் நாம் ராஜா தேசிங்கு என்று நினைப்போம். குதிரை அப்படி நினைப்பதில்லை. ஆனால் மலர், விளையாட்டாகப் போகலாமே. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், குதிரையைச் சொன்னபடி நடக்க வைத்துக் காட்டும் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு அதுதான் முதல் தங்கம். நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் இருவரும் பெண்கள்.

மலர்: தெரியும் அண்ணா. ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதுகிற ஒலிம்பிக் விளையாட்டு இது. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று அம்மாவைக் கேளுங்கள்.

கோமதி: கேட்கவே வேண்டாம். டேட்டா தீர்ந்ததே அதில்தான்.

செந்தில் மாமா: இப்போதுதான் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கை கழுவினேன். எல்லாவற்றையும் படித்தேன். பிரபு, அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். குதிரையின் விலை, தீவனம், பயிற்சியாளர் என்று அது பணம் உள்ளவர்களின் பாதை. நம் வீட்டுக்கு அது பார்த்து ரசிக்கத்தான். மச்சான் சொல்கிற ரேஸ் இன்னொரு பாதை, அதையும் விடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் குதிரையைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கோமதி: அண்ணா, நீங்களும் அவள் பக்கமா?

செந்தில் மாமா: நான் குதிரை பக்கம். மலர், கேட்டுக்கொள். குதிரைக்கென்று தனி இளநிலைப் படிப்பைத் தேடாதே. பி.வி.எஸ்.சி., அதாவது கால்நடை மருத்துவம் படி. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நம் மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். நீ அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடும் பொருந்தும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த ஐந்தரை ஆண்டில் நீ பார்க்கப் போவதில் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, நாய். குதிரை கொஞ்சம்தான். மாட்டுச் சாணத்தில் கை வைக்கக் கூசினால் இந்தப் பேச்சை இன்றே விட்டுவிடலாம்.

மலர்: வீட்டில் மூன்று மாடு யார் கழுவுகிறார்கள் மாமா?

அம்மாயி (கோமதி தட்டச்சு செய்கிறேன்): அவள்தான் கழுவுகிறாள். பொய் சொல்லக் கூடாது.

செந்தில் மாமா: சரி. இடம் கிடைத்தால் சென்னை வேப்பேரியைக் கேள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு ஒன்று இருக்கிறது. படிக்கும்போதே சேணம் பூட்டவும் லாயம் கூட்டவும் சவாரி செய்யவும் கற்கலாம். அதன்பின் ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவான ஆர்.வி.சி. இருக்கிறது, பி.வி.எஸ்.சி. முடித்தவர்களைக் குறுகிய காலப் பணிக்குக் கேப்டனாகவே எடுக்கிறார்கள், இப்போது பெண்களுக்கும் இடம் உண்டு. குதிரை, மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதை, நாய் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆராய்ச்சி என்றால் ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். மெரினாவில் பார்க்கிறோமே, காவல் துறைக் குதிரைகள், அங்கே போக முதலில் காவலர் தேர்வு எழுத வேண்டும்.

பெரியப்பா: குதிரை வண்டி போய்விட்டது, குதிரைப் படை போய்விட்டது. மாட்டால் பால் உண்டு. குதிரையால் இன்றைக்கு ஊருக்கு என்ன உபயோகம் செந்தில்? கோபிக்காமல் சொல்.

செந்தில் மாமா: கோபம் எதற்கு? நம் ஊரில் வயலில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து எங்கிருந்து வருகிறது மச்சான்? விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அதன் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். குதிரையின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து எடுப்பதுதான் அந்த மருந்து. விஷத்தை எடுத்துத் தருபவர்களில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளவும் டாக்டர் வேண்டும்.

அம்மாயி (கோமதி): கரும்புக் காட்டில் கடிபட்ட நம் மேலத்தெரு ராசு பிழைத்தது குதிரை மருந்தாலா? இத்தனை நாள் குருநாதசாமி என்றல்லவா இருந்தேன்.

பிரபு: சாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மாயி, அந்தியூர்க் குதிரைச் சந்தையே அவர் பெயரில்தான் நடக்கிறது.

ரேவதி சித்தி: வகுப்பு முடிந்து இப்போதுதான் பார்த்தேன். செந்திலண்ணன் சொல்வதற்கு எழுநூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரபுக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வருகின்றன, அரசர்கள் பொன்னைக் கொட்டி வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப் போகின்றன. காரணம், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. இறைச்சி கலந்த சோற்றைப் போட்டார்களாம்! வியாபாரிகள் லாடம் அடிப்பவர்களைக் கூட்டி வருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த கப்பலுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

பெரியப்பா: மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன பணம் கோயிலுக்குப் போனதே மேல் போலிருக்கிறது.

செந்தில் மாமா: ரேவதி, இது எனக்குத் தெரியாதே. ஆனால் இன்றும் அதே கதைதான். அந்தியூரில் பாருங்கள், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்க வருகிறவர் முதலில் சுழி பார்க்கிறார். நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே என்று. குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு.

ரேவதி சித்தி: சுழிக்கும் நூல் உண்டு. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம், வடமொழி. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. மலர், விடுமுறைக்கு வந்தால் காட்டுகிறேன். சுழியை நம்பச் சொல்லவில்லை. எப்படி உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று பார்.

மலர்: சித்தி, நான் பிளாக் பியூட்டி படித்துவிட்டேன். குதிரையே கதை சொல்கிறது.

ரேவதி சித்தி: நல்லது. எழுதிய அன்னா சூவல் பதினான்கு வயதில் விழுந்து காலில் அடிபட்டவர். பிறகு ஒழுங்காக நடக்கவே முடியவில்லை, போக்குவரத்தெல்லாம் குதிரை வண்டியில்தான். 1877இல் வந்த அந்தப் புத்தகத்தை முதலில் குழந்தைகளுக்காக அவர் எழுதவில்லை, குதிரையோடு வேலை செய்பவர்களுக்காக எழுதினார். அழகுக்காகத் தலையை மேலே இழுத்துக் கட்டும் வார் வருகிறதே, அந்தப் பக்கங்களை மறுபடி படி.

பிரபு: மாமா, டாக்டர் சீட் கிடைக்காவிட்டால்?

செந்தில் மாமா: லாடம் அடிக்கக் கற்கலாம்.

கோமதி: அண்ணா!!! இதற்கா டியூஷன் பீஸ் கட்டுகிறேன்?

செந்தில் மாமா: கோமதி, அந்தியூரில் போன ஆடியில் ஒருவரைப் பார்த்தேன். குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைமேல் தாங்கி, வளர்ந்த குளம்பைச் சீவினார். பிறகு லாடத்தை வைத்துப் பார்க்கிறார், எடுக்கிறார், சம்மட்டியால் ஒரு தட்டு, மறுபடி வைக்கிறார். பொருந்தும்வரை ஆணியைத் தொடவே இல்லை. ஆணி சாய்வாக ஏறிக் குளம்பின் வெளிச்சுவரில் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே திரும்பிவிட்டால் சதையில் குத்தும், குதிரை நொண்டும், சீழ் பிடிக்கும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும். அவருக்கு முன்னால் வரிசை நின்றது. எனக்குக்கூட அப்படி வரிசை நிற்பதில்லை.

அம்மாயி (கோமதி): உங்கள் தாத்தாவின் வண்டிக் குதிரை ராத்திரி முழுக்க வயிற்றை உதைத்துக்கொண்டு உருண்டது. பவானியில் பார்க்க ஆளில்லை. விடியுமுன் போய்விட்டது. தாத்தா அதன்பின் வண்டியே பூட்டவில்லை.

செந்தில் மாமா: அம்மா, அது கோலிக், குதிரைக்கு வரும் கடும் வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாங்கள் விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இரைச்சல் கேட்போம். இரைந்தால் கொஞ்சம் நிம்மதி, சத்தமே இல்லாவிட்டால்தான் பயம். அன்றைக்கு ஆள் இருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

பெரியப்பா: மலர், வேதியியலில் எவ்வளவு வாங்குகிறாய்?

மலர்: காலாண்டில் 71, பெரியப்பா.

பெரியப்பா: போதாது. அரையாண்டில் 90 வாங்கு, வேப்பேரியில் விசாரிப்பதற்கு நானே போகிறேன். ரேஸுக்கு மட்டும் போகக் கூடாது.

கோமதி: ஆக இன்ஜினியரிங் பேச்சு போயிற்று.

செந்தில் மாமா: இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும் கோமதி. முதலில் ஒரு நாள் என்னோடு வரட்டும். ஞாயிறு காலை ஆப்பக்கூடல் பக்கம் ஒரு குதிரைக்குக் காலில் கட்டு மாற்ற வேண்டும். 6 மணிக்கு வண்டி எடுப்பேன்.

மலர்: வருகிறேன் மாமா! என்ன கொண்டுவர வேண்டும்?

செந்தில் மாமா: ஷூ போட்டு வா. செருப்போடு வந்தால் வண்டியிலேயே உட்கார வைத்துவிடுவேன். பின்பக்கமாகப் போகாதே, தோள் பக்கமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ.

பிரபு: மாமா, நானும் வரலாமா?

செந்தில் மாமா: வா. வாளி தூக்க ஆள் வேண்டும்.