கம்யூனிட்டி கல்லூரியில் 'சக்சஸ் கோச்' வேலை: உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

நெல்லைச்சீமை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எட்டு ஆண்டுகள் கணிதம் நடத்தினேன். இங்கே வேலை அனுமதி அட்டை போன மாதம்தான் கைக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) 'ஸ்டூடன்ட் சக்சஸ் கோச்' என்ற வேலைக்கு விண்ணப்பித்தேன். அடுத்த வியாழக்கிழமை நேர்காணல்.

அறிவிப்பை நான்கு முறை படித்தும் என்ன வேலை என்று பிடிபடவில்லை. பாடம் நடத்த வேண்டாமாம். மாணவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குத்தான் அட்வைசர் இருக்கிறாரே, கவுன்சலர், டியூட்டர் எல்லாரும் இருக்கிறார்களே. இவர்களுக்கு நடுவே இவர் எதற்கு? "கல்லூரிக்குள் நடக்கும் கால் சென்டர்" என்று என் கணவர் கேலி செய்கிறார். ஊரில் பையன் மூன்று நாள் வராவிட்டால் அப்பாவுக்குப் போன் போடுவோம், மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நிற்பான். அதையே இங்கே சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்களா?

மூன்றாம்மாடி எழுதியது:

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை. நான் நியூ ஜெர்சியில் நான்கு ஆண்டுகள் கோச்சாக இருந்தேன், இப்போது ஏழு ஆண்டுகளாக அட்வைசர். முதல் நாள் எனக்குக் கொடுத்தது ஒரு ஹெட்போனும் நூற்றெண்பது பெயர்கள் கொண்ட பட்டியலும்தான்.

அப்பாவுக்குப் போன் போடும் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். இங்கே 'ஃபெர்ப்பா' என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பதிவேட்டின் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது, வயது பதினேழே ஆனாலும். ஒருமுறை ஒரு தாய், மகன் வீட்டில் மறந்துவைத்த சாப்பாட்டுப் பையோடு வந்தார். "இன்று வகுப்புக்கு வந்தானா?" என்று மட்டும் கேட்டார். அவன் மூன்று வாரமாக வரவில்லை. மாணவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. பையை வாங்கி வைக்கவும் மனம் வரவில்லை. வாங்கினால் அவன் வருவான் என்று சொன்னது போலாகிவிடும். கவுண்டரில் அந்தப் பை இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. அவர் போன பிறகு நெடுநேரம் அதைத் துடைக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று சொல்பவர் அட்வைசர். பணம் நிதி உதவி அலுவலகத்தின் பாடு. மனம் உடைந்தவர் கவுன்சலரிடம் போவார், கணக்கு வராதவர் டியூட்டரிடம் போவார். இவர்கள் எல்லாரும் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாரிடம் போவதென்றே தெரியாமல் நின்றுவிடுகிறவரைத் தேடிப் பிடிப்பவர்தான் கோச்.

முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டு, நர்சிங்கில் சேர்வதற்கு முன்பு முடிக்க வேண்டிய பாடங்களைப் படித்துவந்தார் ஒரு பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பதினைந்து வார செமஸ்டரில் ஏழாவது வாரம் நான் அழைத்தபோது, "மூன்று பாடத்தையும் விட்டுவிடப் போகிறேன்" என்றார். செமஸ்டரில் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டால், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையில் ஒரு பங்கைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மாணவருக்கே பில் அனுப்பும். அந்த பாக்கி தீராமல் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள். அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆங்கிலப் பாடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டார். அதனால் பில் வரவில்லை.

ஆனால் நானும் ஒன்றை மறந்தேன். எடுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கையாவது முடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்து நின்றார். அன்று அவரிடம் வாங்கிய திட்டு நியாயமானது. அடுத்த செமஸ்டரில் இரண்டு பாடம் எடுத்து இரண்டையும் முடித்தார்.

கணக்குக்கூடம் எழுதியது:

மேலே சொன்னவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் கணித டியூட்டர். எங்கள் மையத்தில் நல்ல கோச் ஒருவர் இருந்தார், மானியம் முடிந்தது, அவரும் போய்விட்டார். உதாரணத்துக்கு, ட்ரையோ மாணவர் உதவித் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டி போட்டுத்தான் மத்திய அரசின் பணத்தை வாங்க வேண்டும். அதுவும் வருமானம் குறைந்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மட்டும்.

ஒரு கோச்சுக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் கேளுங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் 'ஏசாப்' திட்டத்தைத் தொடங்கியபோது அட்வைசருக்கு மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், பஸ், ரயிலில் போக மெட்ரோ அட்டை கொடுத்தார்கள், பாடநூல் செலவை ஏற்றார்கள். மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் 40 சதவீதம். திட்டத்தில் இல்லாதவர்களில் 22. பிறகு உங்கள் ஒஹாயோவிலேயே மூன்று கல்லூரிகள் அதைச் செய்து பார்த்தன, அங்கும் பலன் கிடைத்தது. மெட்ரோ அட்டையும் இல்லை, புத்தகமும் இல்லை, ஐந்நூறு பெயர்களும் ஒரு போனும் மட்டும் என்றால் உங்கள் கணவர் சொன்னதுதான் சரி.

நெல்லைச்சீமை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மூன்றாம்மாடி அக்கா, நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

மூன்றாம்மாடி எழுதியது:

"வகுப்புக்கு வராத மாணவருக்குப் போன் செய்கிறீர்கள், எடுக்கவில்லை. என்ன செய்தி விடுவீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்கள். உங்கள் பெயர், கல்லூரியின் பெயர், திரும்ப அழைக்கும் எண், அவ்வளவு போதும். பாடம், மதிப்பெண், எதுவும் வேண்டாம். அந்தச் செய்தியை வீட்டில் யார் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது. எட்டு ஆண்டு கணிதம் நடத்தியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வராமல் போன ஒரு மாணவனை நீங்கள் திரும்ப வரவழைத்திருந்தால் அதை விரிவாகச் சொல்லுங்கள். அப்பாவுக்குப் போன் போட்டு வரவழைத்தது வேண்டாம், வேறு யோசியுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

ஒருவன் இருக்கிறான் அக்கா. பஸ் பாஸ் தொலைந்துவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் வராமலிருந்தான். அவனைச் சொல்கிறேன். கணவரிடம் ஹெட்போன் கதையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.