மாநகராட்சியோடு சேர்வதா, ஊராட்சியாகவே இருப்பதா?

புதுமனை:
எங்கள் ஊராட்சியைத் திருநெல்வேலி மாநகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்று மந்தையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நான் போடவில்லை. இந்த மனைப்பிரிவில் வீடு கட்டி ஏழு வருடம் ஆகிறது; கழிவுநீர் ஓட இன்னும் வாறுகால் இல்லை. குளித்த தண்ணீர் வாசலிலேயே தேங்குகிறது. மழைக்காலத்தில் என் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளி வேனுக்குப் போகிறாள். 1994 இல் நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்துதான் மாநகராட்சி ஆயிற்று. இன்று தச்சநல்லூர்க்காரர் யாராவது பழைய பேரூராட்சியைத் திருப்பிக் கேட்கிறாரா? எது வந்தாலும் முதலில் 'வேண்டாம்' என்பது நமக்குப் பழகிவிட்டது.

மடைத்தெரு:
தம்பி, வாறுகால் இல்லாதது உண்மை. ஆனால் பழக்கத்தில் 'வேண்டாம்' என்கிறோம் என்றால் ஒப்பமாட்டேன். பாளையங்கால்வாய் நகரத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். சாக்கடை கலந்த அந்தத் தண்ணீர்தான் கீழே வயலுக்குப் பாய்கிறது. நகரத்துக் குப்பை ராமையன்பட்டிக் கிடங்கில் கிடக்கிறது; தீப்பிடித்தால் புகை சுற்றுப்பட்டிக்கெல்லாம் போகிறது. நகரத்துப் புதிய பேருந்து நிலையம் நிற்பதே வேய்ந்தான்குளம் என்ற குளத்துக்குள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் குளத்துக் கரை கசிய ஆரம்பித்தது. விடிய விடிய டார்ச் வெளிச்சத்தில் மணல் மூட்டை அடுக்கினோம். கரை உடைந்திருந்தால் முதலில் மூழ்கியிருப்பது உங்கள் மனைப்பிரிவு. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எது, குளம் நிறைந்தால் மிச்சம் வழியும் மறுகால் எது என்று தெரிந்தவர்கள் கையில் ஊர் இருக்கட்டும் என்கிறோம்.

புதுமனை:
அண்ணாச்சி, அந்த இரவுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் மறுகால் ஓடையை ஒட்டி மனை போடுவதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது நம் ஊராட்சிதானே? ஊராட்சியாக இருந்தால் குளம் தப்பும் என்பதற்கு என் வீடே எதிர்சாட்சி.

சுளகு:
ஓடையைப் பேசுகிறீர்கள், கூலியை யாரும் பேசவில்லை. என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பீடி சுற்றி விரல் நுனி மரத்துவிட்டது; இப்போது பீடிச் சுளகை மடியில் வைத்து அரை மணி நேரம் குனிந்தால் முதுகு நிமிராது. நூறு நாள் வேலைதான் கைகொடுக்கிறது. அதன் பெயரும் கணக்கும் எப்படி மாறினாலும் அது ஊரகத்துக்கு மட்டும். மாநகராட்சி எல்லை எங்கள் தெருவைத் தொட்டதும் அம்மாவின் அட்டை வெறும் தாள். வரியும் அப்படித்தான். 2022 இல் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடி வீட்டுக்கே 25 சதவீதம் ஏறியது. புதுமனை அண்ணன் கட்டிவிடுவார். அம்மா எதை விற்றுக் கட்டுவார்?

கீழத்தெரு:
'ஊர் முடிவு' என்ற சொல் இங்கே அடிக்கடி வருகிறது. சுடுகாட்டுப் பாதை கேட்டு நான்கு கிராம சபையில் மனு கொடுத்தோம். ஒருமுறைகூடத் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. போன ஐப்பசியில் என் சித்தப்பாவை வரப்பில் தூக்கிக்கொண்டு போனோம்; சேற்றில் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. மாநகராட்சி வந்தால் பொற்காலம் என்று நான் நம்பவில்லை. ஆனால் அங்கே மனு வாங்குகிறவர் என் தெருப் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பமாட்டார் என்ற ஆசை இருக்கிறது.

மடைத்தெரு:
கீழத்தெருத் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சபைகளில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. தப்புதான். ஆனாலும் கிராம சபையில் நேரே நின்று கேட்க வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறதே, அதைக் கைவிட மனம் வரவில்லை. 55 வார்டு மாநகராட்சியில் நம் குரல் எவ்வளவு கேட்கும்? நம் ஊராட்சியில் சபை கூட 200 பேர் வேண்டும். மனைப்பிரிவிலிருந்து இதுவரை யார் வந்திருக்கிறீர்கள்?

புதுமனை:
நான் வந்ததில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு வருகிறேன், பக்கத்து வீடுகளையும் கூட்டி வருகிறேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன். வாறுகாலைப் பற்றி யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

சுளகு:
நூறு நாள் வேலைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை, அண்ணன்.

கீழத்தெரு:
நான்கு மனுவின் நகலும் என்னிடம் இருக்கிறது. கொண்டு வருகிறேன். அண்ணாச்சி, இந்த முறை நீங்கள் எழுந்து நின்று வாசியுங்கள்.