ஐடில் வேக்கம்: ‘நின்றோட்ட உறிஞ்சல்’ சரிவருமா?

வணக்கம்.

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய எஞ்சின்களுக்கான நம் கையேட்டின் சொற்பட்டியலில் ஐடில் வேக்கத்துக்கு, அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது உள்ள வேக்கத்துக்கு, ‘செயலற்ற வெற்றிடம்’ என்று போட்டிருக்கிறது. அங்கே செயலும் இருக்கிறது, வெற்றிடமும் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்று சுற்றுகிறது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றும் இருக்கிறது, வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்து. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் இந்தச் சொல்லைச் சொன்னால் உதிரிபாகம் கிடைக்காது.

‘வெற்றோட்டம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் இறங்குவதும் வெற்றோட்டம்தான். அப்போது மேனிஃபோல்டில் வேக்கம் ஐடிலைவிட அதிகம். பிரேக் பெடலை மிதிக்க உதவும் பூஸ்டர் இந்த வேக்கத்தில்தான் வேலை செய்கிறது. மாற்றிய வண்டியில் ஹைவேயில் பிரேக் ஒழுங்காகப் பிடித்து, சில்க் போர்டு நெரிசலில் ஊரும்போது மட்டும் பெடல் கல்லாவது இதனால்தான். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பழுதையே விளக்க முடியாது. வண்டி நிற்க எஞ்சின் ஓடுவதற்கு ‘நின்றோட்டம்’ என்கிறேன்.

வேக்கத்துக்கு ‘இழுப்பு’ வேண்டாம். வண்டிக்கு இழுவை இல்லை என்றால் பவர் இல்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ‘உறிஞ்சல்’ போதும்.

———

> உறிஞ்சல் போதும்

இயற்பியலில் உறிஞ்சல் என்று ஒன்று கிடையாதே. வெளிக்காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான். கேஜ் காட்டுவது வெளியழுத்தத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘அழுத்தக்குறை’ என்றால் துல்லியமாக இருக்கும்.

———

துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் “குறையை அதிகமாக்குவது எப்படி” என்று தலைப்பு வைக்க நேரும், படிப்பவர் குழம்பிப்போவார். நீங்கள் சொன்ன வித்தியாசத்துக்கே உறிஞ்சல் என்று பெயர் வைத்துக்கொண்டு, மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) காட்டும் முழு அழுத்தத்தை ‘உள்ளழுத்தம்’ என்று பிரித்தால் சிக்கல் தீரும். பிரிக்கவும் வேண்டும், பெங்களூரில் கட்டாயம். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். வெளியழுத்தம் ஏறத்தாழ 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. நின்றோட்டத்தில் உள்ளழுத்தம் 35 உள்ள நல்ல எஞ்சின் சென்னையில் 66, அதாவது பாதரசக் கணக்கில் 19½ அங்குலம் உறிஞ்சல் காட்டும். அதே எஞ்சின் இங்கே 16½தான். அதைப் பார்த்து லீக் தேடி அலைவது வீண்வேலை. கேம் மாற்றி உள்ளழுத்தம் 55க்கு ஏறிவிட்டால் சென்னையில் 13½ மிஞ்சும், இங்கே 10½. பிரேக் பூஸ்டருக்கு அது அரைவயிற்றுச் சோறு.

ஏன் ஏறுகிறது என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். வால்வ் ஓவர்லேப்பை ‘இருவாய்த்திறப்பு’ எனலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வாயும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகை தாழ்ந்த அழுத்தம் உள்ள இன்டேக் பக்கம் திரும்பிவிடுகிறது. கலவை நீர்த்துப்போய் மெதுவாக எரிகிறது. எஞ்சின் அணையாமல் இருக்க த்ராட்டிலை (காற்று போகும் கதவை) கூடுதலாகத் திறக்கிறோம், உறிஞ்சல் விழுகிறது. ஒவ்வொரு வால்வும் திறந்திருக்கும் கிராங்க் பாகையைக் கூட்டி, நான்கால் வகுத்து, லோப் இடைக்கோணத்தை (கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் புடைப்புகளின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணத்தை) கழித்து, இரட்டித்தால் அளவு வரும். 280 பாகை கேம், இடைக்கோணம் 108 என்றால் 64. 270 பாகை, 112 என்றால் 46. இந்த வித்தியாசம் கேஜில் தெரியும்.

கையேட்டில் உறிஞ்சலை மீட்கும் வேலையின் வரிசை முக்கியம். முதலில் ‘கள்ளக்காற்று’, அதாவது வேக்கம் லீக். ‘கசிவு’ என்று எழுதினால் வெளியே ஏதோ போவதாகத் தோன்றும்; இது திருட்டுத்தனமாக உள்ளே வருவது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினில் இது கணக்கிலேயே வராத காற்று, பெயர் அப்படியே பொருந்தும். பூஸ்டர் ஹோஸ், பிசிவி வால்வ் (கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு அனுப்புவது), மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், த்ராட்டில் ஷாஃப்ட் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கினால், எதில் முள் ஏறுகிறதோ அதன் பாதையில்தான் ஓட்டை. சூடான எஞ்சின்மேல் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது தீயை அழைப்பது. புகை விட்டுச் சோதிப்பதே நல்லது. பெரிய கேம் உள்ள எஞ்சினில் முள் நடுங்கும், அது பழுதல்ல.

அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். பலன் அதிகம், செலவு இல்லை. நீர்த்த கலவைக்கு முன்கூட்டியே தீப்பொறி வேண்டும். நின்றோட்டத்தில் 10 பாகை இருந்தால் 2, 2 ஆக ஏற்றி 18 வரை பாருங்கள். சுற்று ஏறும், ஏறிய அளவுக்குத் த்ராட்டிலை மூடுங்கள். மூட மறந்தால் செய்தது வீண். உறிஞ்சல் ஏறுவது நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 14.7ஐப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, 13.5 அருகே வைக்கலாம். இருவாய்த்திறப்பில் எரியாமல் போகும் காற்றைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லும். நின்றோட்டத்தில் மட்டும் அதன் பேச்சைக் கேட்காதபடி ஈசியூவில் (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில்) அமைக்க வேண்டும். நின்றோட்டச் சுற்றை 950க்கு உயர்த்துவதும் கைகொடுக்கும்.

இரட்டைக் கேம் எஞ்சினில் அட்ஜஸ்டபிள் புல்லி இருந்தால் எக்ஸாஸ்ட் கேமை 4 கிராங்க் பாகை முன்னே தள்ளலாம், இருவாய்த்திறப்பு அதே 4 குறையும். இந்தத் திசையில் வால்வும் பிஸ்டனும் விலகுகின்றன. எதிர்த்திசையில் நெருங்கும், களிமண் வைத்து இடைவெளி அளக்காமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. மாருதி எஸ்டீம் போன்ற ஒற்றைக் கேம் எஞ்சினில் இந்த வித்தை நடக்காது, இடைக்கோணம் கேமிலேயே செதுக்கியிருக்கிறது.

———

> கள்ளக்காற்று

எடுத்துக்கொண்டேன். ‘நின்றோட்ட உறிஞ்சல்’ எனக்கும் சம்மதம். பூஸ்டருக்கு வைக்கும் வேக்கம் கேனிஸ்டருக்கு ‘உறிஞ்சல் குடுவை’ சரியா?

———

சரி. ஆனால் குடுவை உறிஞ்சலைக் கூட்டாது, சேர்த்து மட்டும் வைக்கும். மேனிஃபோல்டுக்கும் குடுவைக்கும் நடுவே ஒருவழி வால்வ் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நின்றோட்டத்தில் 10 அங்குலத்தைத் தாண்டாத எஞ்சினுக்கு மின்பம்புதான் வழி.