உள்ளுறை உவமத்தையும் இறைச்சியையும் எப்படிப் பிரித்தறிவது?

முதுகலை மாணவி:
வணக்கம். குறுந்தொகையை உரையுடன் படித்து வருகிறேன். வெளிப்படையான உவமையைக் கண்டுகொள்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. ‘போல’, ‘அன்ன’ முதலிய உருபுகளே அதைக் காட்டிவிடுகின்றன. ஆனால் பாட்டில் வரும் மீனோ யானையோ உள்ளுறையாக நிற்கிறதா, இறைச்சியாக நிற்கிறதா, வெறும் நில வருணனைதானா என்று கேட்டால் தடுமாறுகிறேன். உள்ளுறை என்பது உருபில்லாமல் உள்ளே மறைந்து நிற்கும் ஒப்புமை, இறைச்சி என்பது நிலத்துக் காட்சி தனக்கு அப்பால் ஒரு பொருளைக் குறிப்பாக உணர்த்துவது என்று இலக்கண வரையறைகளை மனப்பாடமாகச் சொல்ல முடிகிறது, பாட்டில் பொருத்திப் பார்க்க முடியவில்லை. எடுத்துக்காட்டுடன் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

மருதத்திணை:
குறுந்தொகை 8ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. உவமையும் உள்ளுறையும் அந்த ஆறு அடிகளுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. வயலோரத்து மாமரத்திலிருந்து தானாகக் கனிந்து விழும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வும் ஊரை உடையவன் தலைவன் என்று பாட்டு தொடங்குகிறது. அவன் நம் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டில் கண்ணாடிப் பாவை போலப் புதல்வனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்று முடிகிறது. ‘ஆடிப் பாவை போல’ என்பது உருபோடு வந்த வெளிப்படையான உவமை. வாளைக்கும் பழத்துக்கும் அப்படி எந்த உருபும் இல்லை.

இங்கே கேட்க வேண்டியது, பேசுகிறவர் யார் என்பதுதான். மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அவளுடைய தோழியர் காதில் விழும்படி பேசுகிறாள். வாளை மரமேறிப் பழம் பறிக்கவில்லை. பழம் தானே விழுந்தது. அவனை நான் வலிந்து இழுக்கவில்லை, அவனாகவே வந்தான் என்ற வாதத்தை அவள் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிடுகிறாள். பழம் தலைவனுக்கும் வாளை பரத்தைக்கும் ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றன அல்லவா? இந்தப் பொருத்தம்தான் உள்ளுறை உவமம். கருப்பொருள்களில், அதாவது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, மரம், பறவை முதலியவற்றில், தெய்வம் நீங்கலான மற்றவையே இதற்கு நிலைக்களம் என்கிறது தொல்காப்பியம்.

பாலைவழி:
மேலே உள்ள விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். இறைச்சிக்குக் குறுந்தொகை 37ஐப் பாருங்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு. பொருள் தேடப் போன தலைவனை நினைத்து வருந்தும் தலைவியிடம் தோழி, அவர் போன வழியில் பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் கிளையைப் பிளந்து தரும் என்கிறாள். யானையைத் தலைவனாக்கினால் மரத்தையும் கிளையையும் எதற்கு ஒப்பிடுவது? அப்படி உறுப்புக்கு உறுப்பாகப் பொருத்தத் தேவையில்லை. அந்தக் காட்சி அவன் கண்ணில் படும், பட்டால் உன் நினைவு வரும், வந்தால் திரும்புவான் என்பதே தோழி தரும் ஆறுதல். தலைவி வருந்தும்போது அன்பு தோன்றும் பொருள்களை இறைச்சியில் சுட்டுவது அவளைத் தேற்றும் வன்புறை என்று தொல்காப்பியத்தின் பொருளியல் என்ற இயல் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான பாட்டை நான் அறியேன். உள்ளுறையில் காட்சி கதைமாந்தருக்கு ஒப்பாகிறது. இங்கே மாந்தர் அந்தக் காட்சிக்கு நேரில் சாட்சியாகிறார்.

முதுகலை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் குருகு என்ற நீர்ப்பறவை இவற்றில் எது? அதுவும் களவுக்கு, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு, சாட்சியாகத்தானே நிற்கிறது?

மருதத்திணை:
அந்தப் பாட்டில் ஒற்றைத் தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால் என்பதில் ‘அன்ன’ இருப்பதால் அந்த அளவுக்கு அது உவமை என்பதில் ஐயமில்லை. ஒழுகும் நீரில் ஆரல் மீனையே பார்த்து நிற்கும் குருகு, தன் இரையைத் தவிர வேறொன்றையும் கவனிக்காத தலைவனுக்கு உள்ளுறை என்று படிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் தலைவியின் துயரம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறவளுக்கு, உடனிருந்த ஒரே உயிர் வாய்பேசாத பறவை. அதுவும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடிய பொழுதில் கண்ட பறவையின் கால் எவ்வளவு மெலிது, என்ன நிறம் என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது; அதைத் தன் புனத்துத் தினையைக் கொண்டே சொல்கிறாள். குருகைத் தலைவன் என்று மட்டும் குறித்துக்கொண்டு மேலே போனால், சாட்சி சொல்ல ஆளில்லாத அவளுடைய அச்சம் விடுபட்டுப்போகும். தேர்வில் எழுதுவதானால் இரண்டு வாசிப்புகளையும் எழுதி, எதை ஏற்கிறீர்கள் என்பதைப் பாட்டின் சொற்களைக் கொண்டே நிறுவுங்கள்.