சாட்டின் ரிப்பனை ஓரத்தில் வைத்து அடித்த கதை

தங்கை குழந்தைக்கு ஒரு போர்வை. ஃபிளானல் துணி, 30க்கு 30 அங்குலம். 2 அங்குல சாட்டின் ரிப்பனை இரண்டாக மடித்து, நடுவில் துணியைச் செருகி, சுற்றிலும் ஓரம் அடித்தால் முடிந்தது என்று நினைத்தேன். சுடிதார் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைத்த கை, இது என்ன பெரிய விஷயம் என்ற தெனாவட்டு.

பைப்பிங்குக்கு கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய துணிப் பட்டி, வைக்கிற பழக்கத்தில் ரிப்பனை லேசாக இழுத்துப் பிடித்தே அடித்துக்கொண்டு போனேன். கிராஸ் பீஸ் இழுத்தால் நீண்டு கொடுக்கும். ரிப்பன் நேராக நெய்தது, கொடுக்கவே கொடுக்காது. மெஷினிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க அப்பளம் பொரித்த மாதிரி சுருங்கி நிற்கிறது. சரி, பிரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்றால் பிரித்த இடமெல்லாம் வரிசையாக ஊசி ஓட்டை, குண்டூசி குத்திய தடம் வேறு. சாட்டினில் அது மறைவதில்லை. மூன்று மீட்டருக்கு மேல் ரிப்பன் அக்கா மகள் ஜடைக்குப் போய்விட்டது.

இரண்டாவது தடவை துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டேன், ஏனென்றால் ஃபிளானல் சுருங்கும், பாலியஸ்டர் ரிப்பன் சுருங்காது. மெஷினில் கிடந்த தடித்த 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு மெல்லிய புது 11 போட்டேன். குண்டூசிக்குப் பதில் துணிக்குப் போடும் சின்ன கிளிப். ரிப்பனைச் சரிபாதியாக மடிக்காமல் அடிப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கும்படி மடித்தேன், இல்லாவிட்டால் மேலே தையல் அழகாக இருக்கும், கீழே பிடித்தே இருக்காது. வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல், அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 2.5. மூலையில் ஆரம்பிக்காமல் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கினேன். மூலை வந்ததும் நிறுத்தி, மேலும் கீழும் ரிப்பனைச் சாய்வாக மடித்து, கையால் ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் திருப்பினேன். நாலு மூலைக்கும் ஒரு மணி நேரம் ஆனது, பொய் சொல்லவில்லை.

—

பின்னூட்டம்: அக்கா, நான் குழந்தையின் பிப் (ஊட்டும்போது கழுத்தில் கட்டும் துணி) கழுத்துக்கு இதே ரிப்பனை வைத்துப் பார்த்தேன். வளைவில் திரும்பவே மாட்டேன் என்கிறது, உள்பக்கம் கொசுவமாக நிற்கிறது. கடைசியில் சாட்டின் துணி வாங்கி, 45 டிகிரி சாய்வில் பட்டி வெட்டி வைத்த பிறகுதான் உட்கார்ந்தது. வளைவு என்றால் ரிப்பனைத் தொடாதீர்கள்.

—

இன்னொரு பின்னூட்டம்: என்னிடம் இருப்பது அம்மாவின் கால் மெஷின், ஜிக்ஜாக்கே கிடையாது. நேர்த்தையல்தான். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு, ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு (எட்டில் ஒரு அங்குலம்) உள்ளே அடித்தேன். தையல் சுத்தமாக வந்தது. கெடுத்தது அயர்ன் பாக்ஸ். காட்டன் சூட்டிலேயே வைத்துவிட்டேன், ரிப்பன் உருகி அடியில் ஒட்டிக்கொண்டது. சூட்டைக் குறைத்து, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

—

என் பதில்: உங்கள் ஓட்டுத்தையலை நானும் போட்டிருக்கலாம். போர்வையைக் கொடுத்துவிட்டு வந்த மறுவாரம் தங்கையின் மாமியார் போன் செய்தார், மூன்றாவது மூலைக்குப் பக்கத்தில் அடிப்பக்கம் ஒரு அங்குலத்துக்கு ரிப்பன் பிரிந்து தொங்குகிறதாம். குழந்தையைப் பார்க்கப் போகிற சாக்கில் ஊசி நூலோடு போய் உட்கார்ந்தேன்.